மூன்று நூல்

கப்பலில் வந்தது அது, மொண்டிவீடியோவிலிருந்து,
கம்பளிச் சாக்கு சுற்றிய பெட்டியில்.
எட்டு சிலிண்டர்.
எங்கள் லேண்ட்ரோவருக்கோ பிறந்ததிலிருந்து நாலு.
லாக்லன் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான்,
பெண் பார்க்க வந்தவன் மாதிரி.
நான் அளவுநாடாவைத் தேடிப் போனேன்.

ஃபாக்லாந்தில் எங்கள் பக்கம் மரம் கிடையாது,
காற்று நிற்கவிடாது.
கிளையில் கட்டி எஞ்சினைத் தூக்குவதெல்லாம்
வேறு ஊர்க்காரர்களுக்கு.
ஆட்டுமயிர் கத்தரிக்கும் கொட்டகையின் விட்டத்தில்
சங்கிலி போட்டோம்.
முப்பத்தொரு வருடம் குந்தியிருந்த இடத்தைவிட்டு
எழும்பும்போது என் பூட்ஸ்மேல்
ஒரு சொட்டு எண்ணெய் விட்டது பழையது.
"அழுகிறது பார்" என்றான் லாக்லன்.
"வாஷர் போயிருக்கிறது" என்றேன்.

இரண்டு ஆட்டுக்கும் ஒரு பாரம் அடுப்புக்கரிக்கும்
அதை ஆம்புரோஸ் கொண்டுபோனான்.

புதியது உள்ளே இறங்கியது.
இடம் கொடுத்தோம், மடம் கேட்டது.
ரேடியேட்டரை முன்னே தள்ளு என்றது, தள்ளினோம்.
முகப்பை வெட்டு என்றது.
கியர்ப்பெட்டியோடு அதற்குப் பேச்சே இல்லை;
நடுவில் ஒரு தட்டு கடைந்து வைத்து
சம்பந்தம் முடிக்க ஜூன் போயிற்று.
இடப்பக்கப் புகைக்குழல் மட்டும்
சட்டத்தில் முட்டிக்கொண்டு நின்றது.
மூன்று நூல். மூன்றே நூல்.
அவன் குழலைச் சுட்டு வளைத்தான், நான் சட்டத்தை ராவினேன்,
தாங்கிக்கு அடியில் வாஷர்மேல் வாஷர் வைத்தோம்,
ஞாயிறு முழுக்க
ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.
"சுத்தியல்."
"ம்."
ராத்திரி படுக்கையிலும் எங்கள் நடுவே
அந்த மூன்று நூல் கிடந்தது.

செப்டம்பரில் ஓடியது.
என்ன சத்தம்! செம்மறிகள் வேலிவரை சிதறின.
கற்கள் ஆறாய்ச் சரிந்து கிடக்கும் மேட்டை
மூன்றாம் கியரிலேயே ஏறிற்று.
பழையது அங்கே முதல் கியரில் முனகும்,
நான் இறங்கி நடந்தே அதை முந்தியிருக்கிறேன்.
லாக்லன் சிரித்தான்.
நானும்தான், மறைக்கவில்லை.

மேட்டுக்கு அப்பால் பள்ளம், வெள்ளைப்புல்,
அதன் கீழே ஆளாழக் கரிச்சேறு.
வெட்டிக் காயவைத்தால் அடுப்பில் எரியும்,
ஈரத்தில் ஆளை விழுங்கும்.
பழையது அதன்மேல் பூனை மாதிரிப் போகும்,
வேகமாய்ப் போகத் தெரியாததால்.
லாக்லனின் கால் ஒரு பருக்கை அளவு அழுந்தியது.
அவ்வளவுதான்.
எட்டும் சேர்ந்து தோண்டின.
அச்சுவரை இறங்கி உட்கார்ந்தோம்;
கதவைத் திறந்தால் படியே வேண்டாம்,
தரை அங்கேயே இருந்தது.

ரேடியோவில் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம்.
இரண்டு மணி நேரம். காற்று. ஒரு ஃபிளாஸ்க் தேநீர்.
அப்புறம் மேட்டுக்குப் பின்னாலிருந்து
வண்டி தெரியுமுன்னே சத்தம் வந்தது:
மூன்று தட்டு, ஒரு இருமல்.
மூன்று தட்டு, ஒரு இருமல்.
லாக்லன் என்னைப் பார்த்தான்.
நான் ஒரு வாத்தைப் பார்த்தேன்.

ஆம்புரோஸ் கயிறு மாட்டினான். ஒன்றும் கேட்கவில்லை,
அதுதான் வலித்தது.
இருமி இருமி, அவசரமே இல்லாமல்,
எங்களைப் பிடுங்கி எடுத்தது அது.
"அந்த வாஷரை மாற்றிவிட்டேன் ரோடா,
இப்போது சொட்டுவதில்லை"
என்றான் போகும்போது.

அன்றிரவு லாக்லன் தூங்கியபின்
டார்ச்சோடு கொட்டகைக்குப் போய்
ஆக்சிலரேட்டர் மிதிக்கு அடியில்
ஒரு மரத்துண்டை வைத்துத் திருகினேன்.
தடிமன் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

எஞ்சின் இன்னும் பழகவில்லை என்கிறான்
பார்ப்பவரிடமெல்லாம்.
கோடையில் கழற்றலாம்.
பார்க்கலாம்.