பெயர் தேவைப்படாத மலை

எங்கள் பக்கத்தில் அது ஒன்றுதான்.
அதனால் யாரும் பெயர் வைக்கவில்லை.
மலை என்றால் போதும்,
பாலூர் வரைக்கும் வழி சொல்வார்கள்.

வால்பாறையிலிருந்து வந்த சகாயராஜ்
நடுவீரப்பட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கி
அண்ணாந்து பார்த்தான்.
பிறகு கழுத்தை இறக்கினான்.
இன்னும் கொஞ்சம் இறக்கினான்.
"இதுவா?"

முந்திரித் தோப்பு வழியே நடந்தோம்.
பூக்கிற மாதம்.
இனிப்பா புளிப்பா என்று தீர்மானிக்காத வாசம்
சட்டைக்குள் புகுந்துகொண்டு கூடவே வந்தது.
தானே புயல் படுக்கவைத்த மரம் ஒன்று
எழுந்திருக்காமலே துளிர்த்துப் பழகிவிட்டிருந்தது.
அதன்மேல் ஏறித் தாண்டினோம்.
ஏற்றத்தில் பாதி முடிந்தது என்றான் சகாயராஜ்.

அதற்குப் பிறகுதான் சரளை.
நாலு அடி வைத்தால்
ஒன்றைத் திருப்பிக் கேட்கிற செஞ்சரளை.
ஓர் ஓணான் குறுக்கே நின்று
தலையை ஆட்டி ஆட்டிக் கணக்குப் பார்த்துவிட்டு
வழிவிட்டது.

கணக்கு எனக்கும் உண்டு.
பத்தாவது பெயிலான சாயங்காலம்
ஐந்நூற்றுப் பதினேழு அடி.
கல்யாணமான மறுவாரம் பூங்கோதையோடு
அறுநூற்றுச் சொச்சம்,
அவள் நடைக்கு என் நடையைச் சுருக்கியதால்.
இன்றைக்கு
முந்நூற்று எண்பதில் வைக்கப்போன காலை
வைக்க இடமில்லை.

உச்சி இருந்த இடத்தில் காற்று.
அந்தப் பக்கம் பொக்லைனின் பல் பதிந்த சுவர்,
சுவரில் பாதியோடு நின்றுவிட்ட வேர்கள்,
வெகு கீழே தேங்கிய சிவப்புத் தண்ணீரில்
அழுக்காகாமல் ஒரு கொக்கு.

கிழக்கே சிப்காட் புகைக்கு அப்பால்
பென்சிலால் இழுத்துக் கட்டைவிரலால் தேய்த்த
கடல்.
தென்மேற்கே நெய்வேலி
தனக்கு வேண்டிய மேகத்தைத்
தானே செய்துகொண்டிருந்தது.
சகாயராஜ் இரண்டையும் பார்க்கவில்லை.
குழியைத்தான் பார்த்தான்.

"மீதி எங்கேடா?"

கையை நீட்டிக் காட்டினேன்.
பண்ருட்டிப் பக்கம் பளபளவென்று
வளைந்து போகிற புதுச் சாலை.
மேலே தார்,
அடியில் எங்கள் சரளை.
ஜன்னலில் தலைசாய்த்து
வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு வந்தாயே காலையில்,
அவ்வளவு தூரமும்
மலைமேல்தான் வந்தாய்.

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன்.

இறங்கும்போது
செருப்புக்குள் உறுத்திய ஒரு கல்லை
உதறி எடுத்தான்.
எறியப் போனவன் நின்று
திரும்பி
மேட்டைப் பார்த்து வீசினான்.

இரண்டு தடவை துள்ளியது.
பிறகு உருண்டு
எங்களோடு கீழே வந்தது.