காலிச் சேணம்

என் வேலை இவ்வளவுதான்:
யாரும் ஏறாத ஒரு குதிரையை
வரிசையின் கடைசியில் நடத்திப் போவது.

கனேலா அதன் பெயர். இலவங்கப்பட்டை நிறம்.
ஆபத்துக்குதிரை என்று ரசீதில் எழுதுவார்கள்.
ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும்
எனக்கு நாளுக்கு நாற்பது சோல்.

முதல் நாள் சிரித்துக்கொண்டே தடவிக்கொடுப்பார்கள்,
ஆப்பிள் தோல் ஊட்டுவார்கள்.
நாலாயிரத்து முந்நூறு மீட்டருக்கு மேலே
ஒருவரும் அதைப் பார்ப்பதில்லை.
கடன்காரன் வீட்டு வாசலைத் தாண்டுகிற மாதிரி
முகத்தைத் திருப்பிக்கொண்டு
ஓரக்கண்ணால் சேணத்தை அளக்கிறார்கள்.

நெட்டையான ஒருவர், பல் மருத்துவராம்,
பத்தடிக்கு ஒருமுறை நின்று
அவிழாத காலணிக் கயிற்றைக் கட்டினார்.
மூச்சு வாங்குகிறது என்று சொல்ல
அவர் மொழியில் வார்த்தை இல்லைபோல.
சும்மாதான் சேணத்து வாரை இறுக்கினேன்.
கொக்கி கிளிக்கென்றது.
அதற்கே பதினைந்து அடி வேகமாக நடந்தார்.

ஐந்தாம் நாள், ஓடைக் கல்லில்
தியோஃபிலாவுக்குக் கால் பிசகியது.
சமையல்காரி. எல்லோருக்கும் முன்னால் எழுந்து
எல்லோருக்கும் பின்னால் கிளம்பி
எல்லோருக்கும் முன்னால் போய்ச் சூப்பு வைப்பவள்.
கணுக்கால் கிழங்குபோல் வீங்கிவிட்டது.
ஏறு, என்றேன்.
கெச்சுவாவில் சொன்னாள், அவர்களுக்கு விளங்காதபடி:
"கணவாய் இன்னும் மேலே கிடக்கிறது.
அங்கே யாராவது சுருண்டு விழுந்தால்
இறங்கு என்று என்னிடம் யார் சொல்வது?
நீயா?"

எனக்குப் பதில் வரவில்லை.
குதிரை வாலைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.
கனேலா இழுத்தது.
சரளை சரிந்தது.
மூன்று மணி நேரம்
வெறும் சேணத்துக்குப் பின்னால் ஒரு நொண்டி நடை.

கணவாயில் பல் மருத்துவர் முழந்தாளிட்டு அழுதார்.
நல்ல மனுஷர்தான். எனக்கும் ஒரு சாக்லேட் தந்தார்.
பிறகு குதிரையை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள்,
பின்னால் யெருபாஹா, முழு வெள்ளை.
"ஒருமுறைகூட உனக்குத் தொந்தரவு தரவில்லை, பார்"
என்று அதன் கழுத்தைத் தட்டினார்.
எல்லோரும் கை தட்டினார்கள்.
நானும் தட்டினேன், கயிறு கையில் இருந்ததால்
ஓசை வரவில்லை.

படத்தில் தியோஃபிலா இல்லை.
உட்கார்ந்தால் எழ முடியாதென்று
கூடாரக் கழி ஒன்றை ஊன்றி
அந்தப் பக்கம் இறங்கத் தொடங்கியிருந்தாள்.
இந்த உயரத்தில்
கிழங்கு வேக நேரமாகும்.