ஆளில்லாத அறை

டார்ட்டுவில் ஜனவரி. நாலு மணிக்கே இருட்டு.
பனிச்சேறு அப்பிய பூட்சுகளோடு
பதினோரு பேர் வந்தார்கள்,
வாசலில் அட்டையைத் தேய்த்து
ஆளுக்கொரு 'பீப்' வாங்கிக்கொண்டு.

தொழில்நுட்பத்தின் மெய்யியல், மூன்றாம் வாரம்.
படிக்கச் சொன்ன நாற்பது பக்கத்தை
யாரும் படிக்கவில்லை. எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியுமென்று அவர்களுக்கும் தெரியும்.
ஆகவே டி.வி. தொடரொன்றின் நாலாம் பாகத்தை ஓடவிட்டேன்.

அந்த ஊரில் கதவுகள் காரணம் கேட்கும்.
எங்கே, எதற்கு, எவ்வளவு நேரம்.
பதில் பிடித்தால்தான் திறக்கும்.
ஒருத்தி மாடிப்படியில் உட்கார்ந்து
நல்ல காரணமாக ஒன்றை ஒத்திகை பார்க்கிறாள்.
சும்மா நடந்துவிட்டு வரத்தான் அவளுக்கு ஆசை.
சும்மா என்கிற சொல்லைக்
கதவுக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

பெயர்கள் ஓடி முடிந்தன.
"கருவி நடுநிலையானதா?" என்று கேட்டேன்,
ஆறு வருடமாகக் கேட்கிற அதே குரலில்.
ரூடி, இதெல்லாம் மிகை என்றான்.
கதவை விடுங்கள், அதை வாங்கி மாட்டியது யார்
என்றாள் டீலே.
நல்ல பதில்கள்.
மதிப்பெண் வாசம் அடிக்கும் பதில்கள்.

யாகுப் வாய் திறக்கவில்லை.
இரவில் கிடங்கில் பெட்டி எடுக்கிறவன்.
எத்தனை நொடி நின்றான் என்று எண்ணும் பட்டை
மணிக்கட்டில் தடமாகவே பதிந்துவிட்டது.
அவன் பக்கம் திரும்பினோம்.
காத்திருந்தோம்.

சட்டென்று விளக்கு அணைந்தது.

கூரையிலிருக்கும் உணர்கருவியின் வேலை.
பேசினால் போதாது அதற்கு, கை கால் ஆட்ட வேண்டும்.
ஐந்து நிமிடம் ஆடாவிட்டால்
அதன் கணக்கில் நாம் நாற்காலி.

பழக்கதோஷம். இருட்டில் பத்துக் கைகள் எழுந்து அசைந்தன,
பதினொன்றாவது என்னுடையது,
கப்பலில் போகும் யாருக்கோ விடைகொடுப்பதுபோல.
வெளிச்சம் வந்தது.
யாகுப்பின் கை மேசைக்கடியிலேயே இருந்தது.

"இன்னொரு தடவை அணையட்டும்," என்றான்.
"இருட்டில் சொல்கிறேன்."

சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.
பிறகு யாரும் சொல்லாமலே
கைகளை மடியில் வைத்துக்கொண்டு,
மூச்சைக்கூட ஓரமாய் விட்டபடி,
அறையில் இல்லாமல் போகக் காத்திருந்தோம்.
ஜன்னலுக்கு வெளியே பனிவாரும் வண்டி
ஒருமுறை போயிற்று, ஒருமுறை வந்தது.

நாலாம் நிமிடத்தில்
டீலே தும்மினாள்.

மறுபடி முதலிலிருந்து.