பேஷண்ட் பெயர்

பேரேட்டில் முதல் கட்டம் அதுதான்.
அட்டெண்டர் பெயர் இரண்டாவது.
ஊர் அதற்கும் அப்புறம்.

"பேஷண்ட் எங்கம்மா, கீழ வண்டியில கீறாங்களா?"
என்றார் லாட்ஜ் லோகு.
யாரும் இல்லை, நான் மட்டும்.
"அப்ப டெஸ்ட்டுக்கு."
இல்லை.
"ரிப்போர்ட் வாங்க."
சும்மாதான். ஊர் பார்க்க.
பேனாவை மூடினார், திறந்தார்,
முதல் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார்.
இரண்டாவதில் ஜெனோவா, 47, வேம்பார்.
ஒரு கோட்டுக்குத் துணையாக வந்தவள் ஆனேன்.

இருபத்திரண்டு வருடம்
ஏலக் கரையில் ஐஸ் உடைத்து விற்றவள் நான்.
எங்களூர் இருட்டு கடலிலிருந்து ஏறி வரும்:
முதலில் வள்ளங்களை, பிறகு வலைகளை,
கடைசியில்தான் எங்களை எடுத்துக்கொள்ளும்.
கடல் இல்லாத ஊரில்
ஒரு சாயங்காலம் எந்தப் பக்கமிருந்து தொடங்கும்
என்று பார்க்கத்தான்
இரண்டு பஸ், ஒரு ரயில்.
இதை லோகுவிடம் எப்படிச் சொல்ல?

டீக்கடையில் கேட்காமலே சர்க்கரையைக் குறைத்தார்கள்.
சாத்துக்குடிக்காரி
"ஆப்ரேஷன் என்னைக்கு?" என்று
ஒரு பழம் கூடப் போட்டாள்.
வாங்கிக்கொண்டேன், பொய் சொல்லாமலே.
பலகைகளில் தமிழுக்கு மேல் வங்காள எழுத்து,
கொடியில் காயப்போட்ட துணிபோல
ஒரே கோட்டில் தொங்கிக்கொண்டு.

தண்ணி பக்கமாப் போங்க என்றேன்.
ஆட்டோ முஸ்தாக் பாலாற்றுப் பாலம் தாண்டி நிறுத்தினார்.
"இதாம்மா ஆறு."
மணல்.
கடலை யாரோ பாயாகச் சுருட்டிக்கொண்டு போனபின்
மிஞ்சிய கரை.
பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள்,
வேலிக்கருவைதான் பவுண்டரி.
"நவம்பர்ல வந்திருந்தா தண்ணி வரும்" என்றவர்
கொஞ்சம் யோசித்து,
"சில நவம்பர்ல" என்றார்.
இறங்கி நடந்தேன்.
பாதி தூரம் போனபின்தான் கவனித்தேன்,
சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்ததை.
நனைய எதுவும் இல்லை.
முஸ்தாக் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

இருட்டு எந்தப் பக்கமிருந்தும் வரவில்லை.
பகலெல்லாம் குடித்த வெயிலை
மலைப்பாறை ஊதிக்கொண்டே இருந்தது.
கடைகளில் லைட் போட்டதும்தான்
ஏற்கெனவே இருட்டியிருந்தது தெரிந்தது.
அவ்வளவுதான். இதற்கா வந்தாய் என்று
என்னையே கேட்டுக்கொண்டு படியேறினால்,

இரண்டாவது திருப்பத்தில்
கருவாட்டு வாசம்.

வாடகை ஸ்டவ், வாடகைச் சட்டி, கடுகெண்ணெய்.
என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்த எழுந்தாள்.
யாரோ சண்டை போட்டிருக்க வேண்டும்.
நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.
அவள் இழுக்க, நான் பிடிக்க,
ஒரு நிமிடம் அப்படியே நின்றோம்.
கடலுக்கு அவள் சொல் எனக்குத் தெரியாது,
கையை அலையாக்கிக் காட்டினேன்.
அவளும் காட்டினாள்.
அவள் அலை சின்னது, மெதுவானது,
சேற்றில் ஏறி வருகிற அலை.

மாலதி என்றேன். மாலோதி என்று திருத்தினாள்.
புருஷன் மூன்றாம் மாடி வார்டில்.
தன் கழுத்தில் கைவைத்துக் காட்டி
சட்டென்று எடுத்துவிட்டாள்.
நான் இலவம்பாடிக் கத்தரிக்காயை நறுக்க உட்கார்ந்தேன்.
காம்பின் முள் பெருவிரலில் ஏறியது.
ஐஸ் மரத்துப்போகச் செய்த விரல்தான்,
ஆனாலும் வலித்தது.

சோறு போட்டபின் கேட்டாள், விரலை நீட்டி,
யார் பேஷண்ட்?
யாரும் இல்லை என்று கையை விரித்தேன்.
புரியவில்லை.
என்னைக் காட்டி, நான் மட்டும் என்றேன்.
அவள் முகம் மாறியது.
எச்சில் படாத கையைச் சேலையில் துடைத்து
என் நெற்றியில் வைத்தாள்,
பிறகு கழுத்தோரம்,
கொஞ்ச நேரம்.

காய்ச்சல் இல்லை என்று தலையாட்டினாள்.
எனக்கு லேசாக ஏமாற்றமாக இருந்தது.