மூன்றாம் மாடிக்குத் தேனீ வராது

மார்ச் மாதம். ஜன்னலுக்கு வெளியே
மூட்டை பிரிந்த பழம்பஞ்சாய்ப் பனி.
தயிர்க் கிண்ணங்களில் பதினொரு விதை ஊன்றினேன்.
ஒன்பது முளைத்தன.
ஆறைப் பணிமனைக்குக் கொண்டுபோய்
வேண்டும் என்றவர்க்கும் வேண்டாம் என்றவர்க்கும் கொடுத்தேன்.
இரண்டு, என் அவசரத்தால், முதல் வெயிலில் கருகின.
மிச்சம் ஒன்று.

டிராம் ஓட்டுகிறேன் நான்.
தம்பரே நகரம், மூன்றாம் எண் தடம்,
ஹெர்வந்தா போய்த் திரும்பும்.
வளைவுகளை எல்லாம் தண்டவாளமே பார்த்துக்கொள்ளும்.
செடியையாவது
நான் சொன்ன பக்கம் வளர்க்கலாம் என்று நினைத்தேன்.

இலைக்கும் தண்டுக்கும் நடுவே, கக்கத்தில்,
தினம் ஒரு குருத்து எட்டிப் பார்க்கும்.
கிள்ளவேண்டும். கிள்ளாவிட்டால் காடு.
கிள்ளிய விரலில் பச்சைக் கறை,
சோப்புக்கு அசையாத வாசனை.
கடைசி நிறுத்தத்தில் இறங்கி நின்றபோது
பள்ளிக்கூடப் பையன் ஒருவன் மூக்கை உறிஞ்சி
"நீங்க தக்காளியா?" என்றான்.
ஆமாம் என்றேன்.

ஜூனில் பூத்தது.
கண்ணாடி மூடிய பால்கனி, மூன்றாம் மாடி,
தேனீக்கு இந்த விலாசம் தெரியாது.
ஆகவே பழைய பேட்டரி பிரஷ்.
வேலை முடிந்து வீடு வர இரவு ஒன்றரை;
இருட்ட மறந்துபோன இரவு,
கழுவிக் கவிழ்த்த பால் பாத்திரத்தின் நிறத்தில் வானம்.
ஒவ்வொரு காம்பாகத் தொட்டேன்.
ர்ர்ர்ர்.
மஞ்சள் பொடி,
கண்ணில் பட்டதோ, பட்டதாய் நான் நம்பியதோ,
உதிர்ந்தது.

மறுநாள் கதவின் தபால் துளையில் ஒரு சீட்டு:
"இரவில் பல் துலக்குவது உங்கள் உரிமை.
அதற்காக நாற்பது நிமிடமா?
தௌனோ ஹ்யூரிலைனன், பக்கத்து வீடு."
ஏழு வருடமாகப் பக்கத்து வீடு.
லிஃப்ட்டில் ஏறினால் இருவரும்
எண்கள் மாறுவதையே படித்துக்கொண்டிருப்போம்,
விட மனமில்லாத தொடர்கதை போல.

பதில் எழுதவில்லை.

இரு பால்கனிக்கும் நடுவே பால்நிறக் கண்ணாடித் தட்டி.
அடியில் இரண்டு விரல் இடைவெளி.
மூன்று நாள் அக்கா வீட்டுக்குப் போய் வந்தேன்,
அதற்குள் கிள்ளத் தவறிய குருத்து ஒன்று
அதில் தலை நுழைத்து
அந்தப் பக்கம் போயிருந்தது.
இழுத்தேன். நார் முறிவதுபோல் கேட்டது.
விட்டுவிட்டேன். அவர் வெட்டட்டும்.
வெட்டினால் சண்டை போடலாம்,
ஏழு வருடத்தில் பேச ஒரு விஷயம்.

வெட்டவில்லை.
கண்ணாடிக்குப் பின் ஒரு பச்சை நிழல்
முழங்கால் உயரம், பிறகு இடுப்பு உயரம்.
ஜூலையில் ஒரு விடுமுறை நாள், காலை பத்தரை,
தொட்டிக்கு நீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.
தட்டிக்கு அப்பால்
ர்ர்ர்ர்.
நின்றது. கொஞ்சம் தள்ளி, மறுபடி
ர்ர்ர்ர்.
பிரஷ் இல்லை, கனத்த குரல்;
முகம் மழிக்கும் இயந்திரம்.
நீர் வழிந்து என் காலை நனைக்கும்வரை
அசையாமல் நின்றேன்.

ஆகஸ்டில் வாசலில் ஒரு காப்பி டப்பா. உள்ளே சீட்டு:
"நாற்பத்தேழு. மேலும் மூன்று வெடித்திருந்தன,
நீங்கள் ஒரேயடியாக நீர் விடுகிறீர்கள்.
அவற்றைத் தின்றுவிட்டேன். கணக்குக்காகச் சொல்கிறேன்."
நாற்பத்தேழைச் சரிபாதியாக்க முடியாது.
இருபத்துமூன்றை அதே டப்பாவில் திருப்பி வைத்தேன்.
அதிகப்படி ஒன்றை அங்கேயே வாயில் போட்டேன்:
தோல் கொஞ்சம் முரண்டு பிடித்து
சட்டென்று இணங்கியது,
இனிப்பு, அதன் குதிகாலை மிதித்தபடி புளிப்பு.

செப்டம்பர் கடைசியில் உறைபனி என்றது வானொலி.
பச்சைக் காய்களைச் செய்தித்தாளில் சுற்றிக்
காலுறை அலமாரியில் அடுக்கினேன்.
கொடியை அடியில் அறுத்து இழுத்தேன்.
வரவில்லை,
மறுமுனையை யாரோ பிடித்திருப்பதுபோல்.

அழைப்புமணியை அடித்தேன்.
கையில் கத்தரிக்கோலோடு கதவைத் திறந்தார்.
"ஷூ கயிற்றால் கட்டியிருக்கிறேன், ஒன்பது இடத்தில்.
கயிறு நல்ல கயிறு, வெட்ட மனம் வரவில்லை.
அவிழ்க்க நேரமாகும்," என்றார்.
பிறகு, தரையைப் பார்த்து,
"காப்பி இருக்கிறது."

அவிழ்த்தோம். முடிச்சுகளைப் பற்றித்தான் பேச்சு.
தட்டிச் சட்டத்துக்கு அடியில்
பெருத்து இறுகிப்போன ஒரு சாண் தண்டு மட்டும்
இந்தப் பக்கமும் வரவில்லை, அந்தப் பக்கமும்.
விட்டுவிட்டோம்.
இப்போது அதன்மேல் பனித்தூள்.
யாருடையது என்று இன்னும் அவர் கேட்கவில்லை.