ஓர் அட்டை

கச்சான் காற்று தொடங்கினால்
உட்துறைமுக வீதி முழுக்க மூக்கை உறிஞ்சும்.
பஸ் நிலையப் புழுதி, மான் புழுக்கை, கருவாட்டுத் தூள்
எல்லாம் ஒன்றாய் எழும்பி
எங்கள் பாமசியின் கண்ணாடிக் கதவில் படியும்.
ஆட்கள் வாயால் மூச்சு விட்டபடி வருவார்கள்.
"தடிமன் குளிசை ஒரு அட்டை."

எடுத்துக் கொடுப்பேன்.
அதே நீலப் பெட்டி. அதே பெயர்.
உள்ளே ஆள் மாறி வருசக் கணக்கு,
வீட்டை விற்றுப் போன பிறகும்
கழற்றாத பெயர்ப்பலகை மாதிரி.

முந்தி இருந்தது சூடோஎபெட்ரின்.
அது வேலை செய்தது.
நன்றாய் வேலை செய்கிற எதையும் போல
அதையும் யாரோ எங்கோ காய்ச்சி
வேறொன்றாக்கப் பழகினார்கள்.
இப்போது அது பின்னறை அலுமாரியில்.
டொக்டரின் துண்டு வேண்டும், அடையாள அட்டை இலக்கம் வேண்டும்,
கொப்பியில் கையெழுத்து வேண்டும்.
எல்லாம் இருந்தாலும் திறப்பு பஞ்சலிங்கம் ஐயாவின் இடுப்பில்,
ஐயா மத்தியானச் சாப்பாட்டில்.

வெளித்தட்டில் தாராளமாய் இருப்பது பினைலெப்ரின்.
விழுங்கினால் குடலும் ஈரலும் வழியிலேயே தின்றுவிடும்.
மூக்குக்கு வந்து சேருவது,
கச்சேரியில் ஒதுக்கிய நிவாரணம்
கடைசி வீட்டுப் படலைக்கு வந்து சேருகிற அளவு.
இதைப் படித்து எழுதித்தான் பாஸ் பண்ணினேன்.
பில் போடுகிற கைக்கு அது தெரியாது.

சுங்கத்து மனோரஞ்சிதம் மிஸ்
"இதைப் போட்டால்தான் எனக்குச் சுகம்" என்பார்.
ஐந்தாம் நாள் தானாய் விடுகிற தடிமன்,
பெயர் குளிசைக்குப் போகிறது.
கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் போய் நின்றால்
மூக்கு திறக்கும் என்கிறான் ஓட்டோ நிர்மலன்.
திறக்கும்.
திரும்பி அனுராதபுரச் சந்திக்கு வரும் மட்டும்.

ஜவ்பர் காக்கா கிண்ணியாவில் இருந்து வருவார்.
கடலட்டைக்குப் போகிற சுழியோடி.
"நீங்களும் அட்டை, நாங்களும் அட்டை" என்று சிரிப்பார்.
"நீங்க பத்துப் பத்தா விக்கிறீங்க,
நாங்க ஒண்டொண்டாப் பொறுக்கிறம்."
மூக்கடைத்தவனைக் கடல் உள்ளே எடுக்காது.
மூக்கைப் பொத்தி ஊதினால் காது திறக்க வேண்டும்.
திறக்காவிட்டால் இரண்டு பாகத்திலேயே
மண்டைக்குள் ஆணி இறங்கும்.
கடலுக்குப் போகாத நாள்
முதலாளியின் முற்பணம் அப்படியே நிற்கும்,
வீட்டில் அரிசி நிற்காது.
ஆகவே குளிசை.

போன கிழமை, கடையில் ஆள் குறைந்த நேரம்,
கவுண்டருக்கு மேலால் குனிந்து மெதுவாய்ச் சொன்னேன்.
முழுவதையும் சொன்னேன்.
இது வெறும் மாவுக்குச் சமம்.
மூக்குத் துளி பரவாயில்லை,
மூன்று நாளுக்கு மேல் விட்டால்
பிறகு துளி இல்லாமல் மூக்கே திறக்காது.
நீங்கள் அடியில் நிற்கிற நேரம் அதன் வேகம் தீர்ந்தால்
மேலே வருகிற வழியில் காது கிழியும்.
உப்புத்தண்ணியால் கழுவுங்கள், ஆவி பிடியுங்கள்,
நாலு நாள் தரையில் நில்லுங்கள் காக்கா.
எனக்கே தெரியாமல் குரல் தளும்பிவிட்டது.
கல்லாவில் இருந்து ஐயா நிமிர்ந்து பார்த்தார்.

ஜவ்பர் காக்கா தலையைத் திருப்பி
வலக்காதைக் காட்டினார்.
"அந்தப் பக்கம் போய் ரெண்டு வருசம், புள்ள.
என்ன சொன்னீங்க?"

பின்னால் மூன்று பேர் வந்து நின்றுவிட்டார்கள்.
இடுப்பில் இருந்த குழந்தை ஒன்று தும்மியது.
ஐயா இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நூற்றி எண்பது, என்றேன்.

இரவு எனக்கும் தடிமன்.
கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டு
வாயால் மூச்சு விட்டபடி கிடந்தேன்.
துறைமுகப் பக்கம் ஏதோ கப்பல் ஒருமுறை ஊதி ஓய்ந்தது.
நானும் மூக்கைப் பொத்தி ஊதிப் பார்த்தேன்.
வலது திறந்தது.
இடது திறக்கவில்லை.