பச்சைப் பெட்டி

வினிபெக்கில் இறங்கியபோது மைனஸ் முப்பத்தொன்று.
நாலு பேர், மூன்று பெட்டி.
பச்சைப் பெட்டி மட்டும் ஜெனோவாவிலேயே நின்றுவிட்டது,
விடுமுறை போதாதென்று.

விமான நிலையத்தில் ஒரு படிவம் தந்தார்கள்.
உள்ளே இருந்தவை என்ன, பெறுமதி எவ்வளவு.
நகுலேஸ் பேனையை என்னிடம் தந்துவிட்டு
காரைச் சூடாக்கப் போனார்.
கம்பளிச் சட்டை ஏழு என்று எழுதினேன்.
சேயோனின் சப்பாத்து ஒன்று.
ஒன்றுதானா என்று கேட்டாள் மேசைக்காரி.
ஒன்றுதான், மற்றது எங்கே என்று
எங்களுக்கும் தெரியாது.
துளசிக்குச் சொந்தக்காரி போல மணக்கும்
பச்சை விழுது, இரண்டு போத்தல்.
பெறுமதிக் கட்டத்தில் பேனை நின்றது.

குளிருக்குப் பழகின ஆட்கள் என்ற பெருமையோடு போய்
எட்டுப் பாகையில் விறைத்தோம்.
வாடகை வீட்டு ஹீட்டர்
மாலை ஆறு மணிக்குத்தான் கண் திறக்கும்.
அதுவரை நாலு பேரும் ஒரே கட்டிலில்,
ஜாக்கெட்டோடு, ஒருவர் காலில் ஒருவர்.

தெருக்களும் அப்படித்தான், தோளை உரசும் ஒடுக்கம்.
ஒரு சந்தில் சண்டை பிடித்துப் பிரிந்தால்
அடுத்த சந்தில் முட்டிக்கொள்வோம்.
கோபத்தை முடிக்க இடம் கிடைக்கவில்லை.

மலைக்கு ஏற ஊருக்கே பொதுவாய் ஒரு லிஃப்ட்.
சேயோன் ஏழு தரம் ஏறி இறங்கினான்.
மேலே நின்று நகுலேஸ்
துறைமுகத்துக் கப்பல்களை எண்ணிக்கொண்டிருந்தார்.
துருப்பிடித்த ஒன்று வந்ததும் எண்ணுவதை விட்டார்.
எந்தக் கப்பல் நினைவுக்கு வந்ததென்று
நான் கேட்கவில்லை.
பிள்ளைகளுக்கு அது இன்னும் ஒரு கப்பல்தான்.

கடைசிக்கு முதல் நாள் காலை, ஒரு கோப்பிக் கடை.
தபால்காரி ஒருத்தி நின்றபடி
எண்ணெய் மினுங்கும் உப்பு ரொட்டியைப் பிய்த்து
பால்கோப்பியில் தோய்த்துத் தின்றாள்.
பக்கத்தில் சூட் போட்ட ஒருவன். அவனும் தோய்த்தான்.
ஆரணி பார்த்துக்கொண்டே இருந்தாள்.
அப்பா பாணைத் தேத்தண்ணியில் நனைத்தால்
கதிரையை மறுபக்கம் திருப்புகிற பிள்ளை,
சிநேகிதிகள் வரும் நாளில்
அதற்குத் தடைச்சட்டமே போட்டவள்.
நகுலேஸ் ஒன்றும் சொல்லவில்லை.
தன் துண்டைப் பிய்த்து, மிக மெதுவாக,
நீதவானுக்குச் சான்றுப்பொருள் காட்டுவதுபோல்
கோப்பிக்குள் இறக்கினார்.

வீடு வந்த இரவு, மூன்று மணி.
உடம்பு வந்துவிட்டது,
நித்திரை அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம்.
குசினி விளக்கைப் போட்டேன்.
சேயோன் மேசைக்கடியில் விளையாடிக்கொண்டிருந்தான், இருட்டில்.
பிறகு நகுலேஸ். பிறகு போர்வையோடு ஆரணி.
வெளியே பனி, காரின் மின்கம்பி மட்டும் கறுப்பு.
அவளே பாண் வாட்டினாள்,
என் கோப்பையை இழுத்து அமிழ்த்தினாள்,
துண்டு அறுந்து அடியில் போனது.
"அவ்வளவு நேரம் வைக்கக்கூடாது.
மூன்று எண்ணு," என்றார் நகுலேஸ்.
எண்ணினாள், சத்தமாக, இத்தாலியனில்.

அடுத்த இரவும் வந்தோம்.
அதற்கடுத்த இரவு நாலு மணிக்கு.
பிறகு ஐந்து. சேயோன் இறங்கி வரவில்லை,
குறட்டைதான் கேட்டது.
ஒரு நாள் நானும் நகுலேசும் மட்டும்,
கடன் அட்டைக் கணக்கைப் பற்றிக் கதைத்தோம்.
ஆறாம் இரவு எல்லோருக்கும் நித்திரை வந்து சேர்ந்தது.

ஒன்பதாம் நாள் பெட்டியும் வந்தது,
சில்லில் பனியோடு.
வீட்டில் நான் மட்டும்.
பிந்தியதற்கு மன்னிப்புக் கேட்டான் ஓட்டுநர்.
இன்னும் ஒரு கிழமை பிந்தியிருக்கலாம்
என்று அவனிடம் எப்படிச் சொல்வது?
ஒப்பமிட்டேன்.

ஒரு போத்தல் உடைந்திருந்தது.
ஏழு சட்டையும் பச்சை.
ஆறைத் தோய்த்தேன்.

அன்றிரவு மூன்று மணிக்கு அலாரம் வைத்தேன்.
பிறகு எடுத்துவிட்டேன்.
ஆரணிக்கு நாளை கணிதப் பரீட்சை.